கத்தரிப்பூ, ஒரு மீட்டர்

அந்த அம்மாள் படியிறங்கித் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருளானந்தம் செய்த முதல் காரியம், கையிலிருந்த நோட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டதுதான். ஒற்றிக்கொண்ட பிறகு யாராவது பார்த்தார்களா என்று எதிரே பார்த்தான். பெரிய கடையில் இருபத்தோரு வருஷம், தினமும் காலையில் முதலாளி அண்ணாச்சி இப்படிச் செய்வதை ரவிக்கைத் துணி மேட்சிங் கவுண்ட்டரில் நின்றபடி பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறான். நோட்டைக் கண்ணில் ஒற்றுவார், கல்லாவை விரல் முட்டியால் மூன்று தரம் தட்டுவார், மேலே பார்த்து ஏதோ முணுமுணுப்பார். அண்ணாச்சிக்கு முருகன் இருந்தார். தனக்கு யார் என்று தெரியவில்லை. காலை எட்டு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து நாலு மூலையிலும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார். அலமாரியின் கண்ணாடிக் கதவில் இன்னும் நாலைந்து சொட்டின் தடம் நிற்கிறது. அவர் இந்த ஒற்றிக்கொள்வதைப் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்திருப்பார். பரவாயில்லை. போணி ஆகிவிட்டது. பத்து நாற்பதுக்கு. எட்டரையிலிருந்து பத்து நாற்பது வரை வந்த ஆறு பேரும் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள். ஆதார் அட்டையோடும் ரேஷன் அட்டையோடும் வாசலில் நின்று, உள்ளே மெஷின் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகத் துணி அடுக்கியிருப்பதைப் பார்த்து, ஏமாற்றப்பட்டவர்கள் மாதிரித் திரும்பிப் போனார்கள். ஒருவர் மட்டும், "எப்ப மாறுச்சு? சொல்லவே இல்லியே" என்று அவனிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஏழாவதாக வந்தவள்தான் இந்த அம்மாள். அவளும் படியில் கால் வைத்தபோது அவன் வாய் தன்னால் "ஜெராக்ஸ் இல்லைங்க" என்று சொல்லத் தயாராகியிருந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. சொல்லியிருந்தால் முதல் வாடிக்கையாளரைத் தானே துரத்தியிருப்பான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டான், உட்காரவில்லை. மேஜையில் கத்தரிப்பூ நிறக் கட்டு பிரிந்து கிடந்தது. அதைச் சுற்றி மேலே வைக்க வேண்டும். மற்றவர்கள் வியாபாரம் முடிந்ததும் துணியைக் கண்ட இடத்தில் செருகுவார்கள், அவன் செருக மாட்டான். இந்த அலமாரியை அடுக்க நாலு நாள் ஆயிற்று. வெள்ளையில் தொடங்கி, சந்தனம், பாதாம், மாம்பழம் என்று போய், வெங்காயத்தோல், செங்கல், அரக்கு, நாவல்பழம், ஊதா, ஆனந்தா நீலம், மயில்கழுத்து, ராமர் பச்சை, பாசிப்பயறு, கடைசியில் கருப்பு. ஒரு நிறம் எந்த இடத்தில் அடுத்த நிறமானது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாதபடி அடுக்கியிருந்தான். மனைவி பிலோமி நேற்று வந்து பார்த்துவிட்டு, "கடை மாதிரியே இல்ல, ஏதோ படம் போட்டு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டா, கவலையா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. நூற்று எழுபத்து நாலு நிறம். எண்ணிப் பார்த்தது அவள்தான். அவனுக்கு எண்ணிக்கை தேவைப்பட்டதில்லை, கை தானாகப் போகும். இன்றைக்கும் அப்படித்தான் போனது. அந்த அம்மாள் மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய புடவையை எடுத்துப் பிரித்தாள். அது முழுக்கப் பிரிவதற்குள் அவன் கை நாலாவது தட்டின் ஏழாவது கட்டைத் தொட்டுவிட்டது.

"இதுக்கு ரூபியாத் துணில ஒரு மீட்டர் குடுங்க தம்பி. கை முழங்கை வரைக்கும் வரணும்."

"மேட்சாவா, கான்ட்ராஸ்ட்டாம்மா?"

"மேட்சாத்தான். பொண்ணுக்கு நிச்சயம், ஞாயித்துக்கிழம காலைல பத்து மணிக்கு. நான் போய் கான்ட்ராஸ்ட் போட்டுக்கிட்டு நின்னா, வர்றவங்க யாரு பொண்ணுன்னு கேப்பாங்க."

அவன் சிரித்தான். நல்ல தொடக்கம் என்று நினைத்தான். துணியின் ஓரத்தைப் புடவை மேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தரம் நீவினான். மேலே நாலு வெள்ளை விளக்குகள், புதிது, கண்ணைக் கூசும். புடவை எங்கே முடிந்து துணி எங்கே தொடங்கியது என்று கோடே தெரியவில்லை. அவளும் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: "வெளிய வெச்சு ஒரு தடவ பாத்துரலாமா?" இருபத்தோரு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்க வேண்டியிருந்ததில்லை. கேட்பதற்குள் அவனே புடவையையும் துணியையும் ஒன்றாக வாரிக்கொண்டு, "வாங்கம்மா வாசலுக்கு" என்று நடந்துவிடுவான். அண்ணாச்சி கடை வாசல் கிழக்கே பார்த்தது. காலை வெயில் நேராகப் படியில் விழும். அந்தப் படியில் எத்தனை ஆயிரம் துணியை விரித்திருப்பான். கடைக்குள் இருக்கும் விளக்கை நம்பி மேட்சிங் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் நிற்கிறவனுக்கே தெரியும். அப்படியிருக்க அவன் வாய், "வேணாம்மா" என்றது. அதோடு நிற்கவும் இல்லை. "இந்தக் கலர் எனக்குத் தெரியும்மா. இருபத்தோரு வருஷமா இதத்தான் பாக்குறேன். ஒரு நூல் வித்தியாசம் இருந்தாக்கூடத் திருப்பிக் குடுங்க." அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் நம்பினாள். நம்பியது கண்ணில் தெரிந்தது. கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு வைத்து இரு கையாலும் கிழித்தபோது அந்தச் சத்தம் சின்னக் கடை முழுக்க நிறைந்தது. பெரிய கடையில் அந்தச் சத்தம் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஏன் வேண்டாம் என்று சொன்னோம் என்பது அவனுக்கு அப்போதே தெரியும். போணி ஆகிறதுக்கு முன்னால் சரக்கு வாசல் தாண்டக் கூடாது. அண்ணாச்சி கடைச் சட்டம் அது. காலையில் முதல் விற்பனை, கைக்குட்டையோ பாவாடை நாடாவோ, ஆகிற வரைக்கும் ஒரு துணியும் படிக்கு வெளியே போகாது. கேட்டால், சரக்கு வெளியே போய்ப் பழகிடும் என்பார். அங்கே ஒன்பது மணிக்குள் எந்தக் கவுண்ட்டரிலாவது போணி ஆகிவிடும். மேட்சிங் கேட்டுப் பெண்கள் வருவது பத்துக்கு மேல். அதனால் அந்தச் சட்டம் அவன் மேல் ஒருநாளும் உரசியதில்லை. அவன் அதை நம்புகிறானா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான்.

கட்டைச் சுற்றினான். சுற்றும்போது நுனி ஒருபக்கம் ஏறி, ஒருபக்கம் இறங்கி வந்தது. மறுபடி பிரித்துச் சுற்றுவதற்கு மேஜை நீளம் போதவில்லை. துணியைப் பிடித்தபடி பின்னால் நாலு எட்டு வைத்தான். முதுகுக்குப் பின்னால் வாசல். போணிதான் ஆகிவிட்டதே என்று படிக்கு இறங்கினான், துணியும் கூடவே இறங்கியது. வடக்குப் பார்த்த வாசல், வெயில் படியைத் தொடுவதில்லை, ஒரு முழம் தள்ளித் தெருவில்தான் கிடந்தது. துணியின் நுனி அந்த வெயிலுக்குள் போனது. அவன் சுற்றுவதை நிறுத்தினான். துணிக்குள்ளிருந்து சிவப்பு எழுந்து வந்தது. அதிகமில்லை, பாலில் ஒரு சொட்டு விழுந்த மாதிரி. நிழலில் இருந்த பாதி கத்தரிப்பூவாக இருந்தது. வெயிலில் இருந்த பாதி, கத்தரிப்பூதான், ஆனால் பன்னீர் ரோஜாப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட கத்தரிப்பூ. நுனியை உள்ளே இழுத்தான், சிவப்பு போய்விட்டது. வெளியே விட்டான், வந்தது. அதனால் என்ன, புடவையும் வெயிலில் இப்படியே சிவந்தால் சரிதானே என்று தோன்றியது. சிவக்கும். சில சாயம் சிவக்கும், சில சாயம் நீலத்துக்குப் போகும். உள்ளே ஒன்றாக இருக்கிற இரண்டு துணி வெளியே வந்ததும் ஆளுக்கொரு திசையில் போவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறான். அதற்காகத்தானே படிக்கு ஓடுவது. புடவை எந்தத் திசை? பட்டும் பருத்தியும் கலந்த புடவை. அவள் மேஜையில் பிரித்தபோது அதன் மடிப்பில் ஒரு நீலம் ஓடியதா? ஓடியது போலத்தான் இருக்கிறது. இல்லை, அது அவள் வளையலின் நிழலா? கண்ணை மூடிப் புடவையைக் கொண்டுவரப் பார்த்தான். வந்தது. நீலமாக வந்தது. மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை அவ்வளவு நீலமாக இல்லை.

புடவையைக் கொண்டுவராமல் வெறும் கையோடு வருகிற பெண்கள் உண்டு. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எடுத்துப் போடுங்க" என்பார்கள். எடுத்துப் போட்டால், இதேதான், இதேதான் என்று சத்தியம் செய்வார்கள். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் அவன், "கலரை மனசுல வெச்சுக்கிட்டு வர முடியாதும்மா, வீட்லேருந்து கடைக்கு வர்றதுக்குள்ள அது வேற கலர் ஆயிரும்" என்று சொல்லுவான், பக்கத்துக் கவுண்ட்டர் சேகர் சிரிப்பான். இப்போது அவனே வெறும் கையோடு நிற்கிறான். ஒரு நூல், புடவை முந்தியிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு நூல் மேஜையில் கிடந்தால் போதும். உள்ளே போய்க் குனிந்து தேடினான். மேஜையில், தரையில், ஸ்டூலுக்குக் கீழே. செய்தித்தாளின் ஒரு மூலைதான் கிடைத்தது. வாசலுக்கு வந்து இடது கண்ணை மூடி வலது கண்ணால் துணியைப் பார்த்தான். பிறகு வலதை மூடி இடதால். இடது கண்ணில் எல்லாம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. எப்போதுமே அப்படியா, இன்றைக்கா? மறுபடி மாற்றினான். நாற்பத்து நாலு வயதில் கண் பழுக்குமா? பழுத்தால் அதை அந்தக் கண்ணாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

"யாருக்கு அருளு கண்ணடிக்கிற?"

பக்கத்துக் கடைக் கோதண்டம். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர். எந்நேரமும் விரல் நுனியில் ஊதா மை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தன் படியில் நின்றிருந்தார்.

"கலர் பாக்குறேண்ணே."

"அந்தப் பக்கம் ஒரு அம்மா குடையோட போகுது, அதப் பாக்குறியோன்னு நெனச்சேன். போணி ஆச்சுபோல?"

"ஆச்சுண்ணே."

"ராசியான மொகம்யா அந்த அம்மாவுக்கு. எனக்கும் உடனே ஒருத்தன் வந்தான் பாரு, கூட்டுறவுச் சங்கத்துக்கு நாலு சீல்." அவர் உள்ளே போனார். ராசியான முகம். முகம் ஞாபகமிருக்கிறது, மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி, காதோரம் நரை, எல்லாம் அப்படியே இருக்கிறது. புடவை மட்டும் நகர்ந்துகொண்டேயிருக்கிறது. எங்கே போகிறேன் என்று சொன்னாள்? சொன்னாள். மீதியை வாங்கிப் பையில் போடும்போது, "இப்பிடியே நேரா நந்திகோயில் தெருவுல ஷாகிதாகிட்டத் தைக்கக் குடுத்துருவேன், அவ மத்தியானமே வெட்டிருவா" என்றாள். போன் நம்பர் வாங்கவில்லை. புதுக்கடைக்கு வருகிறவர்களின் நம்பரை எழுதி வைக்கச் சொல்லி பிலோமி ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வைத்திருந்தாள், நோட்டு பிரிக்காமல் இருக்கிறது. நந்திகோயில் தெரு நடந்தால் கால் மணி நேரம். மத்தியானம் என்றால் எப்போது? பன்னிரண்டா, இரண்டா? இப்போது பதினொன்று ஐந்து. வெட்டிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை, அதுவும் ஒருவகையில் நிம்மதிதான் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மொட்டைமாடியிலோ வாசலிலோ பந்தல் போட்டிருப்பார்கள், வெள்ளைத் துணிப் பந்தலாக இருந்தால் வெயில் வடிகட்டி வரும், இன்னும் மோசம். புடவை நீலத்துக்குப் போகும், ரவிக்கை சிவப்புக்குப் போகும். போட்டோ எடுப்பார்கள். தட்டு மாற்றும்போது அவள் கை நீளும், முழங்கை வரை ரவிக்கை. சம்பந்தி வீட்டில் யாராவது ஒருத்தி, எல்லா வீட்டிலும் இப்படி ஒருத்தி இருப்பாள், பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், ப்ளவுஸ் எங்கே எடுத்தீங்க என்று மட்டும் கேட்பாள்.

போன் அடித்தது. பிலோமி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலைக் கூட்டம் குறைந்ததும் கூப்பிடுகிறாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"யாரு? ஆம்பளையா பொம்பளையா?"

"ஒரு அம்மா. டீச்சர் மாதிரி இருந்தாங்க. மகளுக்கு நிச்சயமாம்."

"பாத்தீங்களா. நல்ல காரியத்துக்குப் போற துணி. நான் காலைலேருந்து ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தேன், ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ ஊசி குத்திட்டேன்." அவள் சிரித்தாள். "என்ன, சத்தத்தக் காணோம்?"

"ஆளு வருது. அப்பறம் பேசுறேன்."

ஆள் யாரும் வரவில்லை. பிலோமியிடம் பொய் சொல்லி நாளாயிற்று. கடைசியாகச் சொன்னது வேலையை விட்ட அன்று. அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன், சந்தோஷமாகத்தான் அனுப்பினார் என்று சொன்னான். அண்ணாச்சி சந்தோஷமாக அனுப்பவில்லை, கோபமாகவும் அனுப்பவில்லை. பெரிய கடையைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றி, மேட்சிங்கைத் தரைக்குக் கீழே கொண்டுபோனார்கள். ஜன்னலில்லாத தளம், வெயிலுக்கு வரவேண்டுமானால் இருபத்தாறு படி ஏற வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் போட்ட அட்டை கொடுத்தார்கள். அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடு, ஏறி இறங்கிக்கொண்டிருக்காதே என்றார் புது மேனேஜர். அவன் ஏறி இறங்கினான். ஒரு நாளில் நாற்பது தரம். முழங்கால் வீங்கியது. ஒரு நாள் ஒரு வாடிக்கைக்காரி, படியேறி மூச்சு வாங்கி, "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ஏங்க இங்க கெடக்குறீங்க, தனியா ஒரு கடை போடலாமில்ல" என்றாள். அவள் அதைச் சொல்லிவிட்டுப் போய் மறந்திருப்பாள். அவனுக்கு அதற்குப் பிறகு மூன்று மாதம் வேறு எதுவும் காதில் விழவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "கண்ணு ஒன்னுது அருளு, இல்லேங்கல. வாசப்படி என்னுதுல்லா" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அது பொறாமை என்று பட்டது. சொந்த வாசற்படி வந்த முதல் நாள், முதல் துணிக்கு, அந்தப் படியில் கால் வைக்கவில்லை. வைக்காததற்குக் காரணமும் அந்த மனிதரின் சட்டம். இருபத்தோரு வருஷத்தில் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்தது இதைத்தானா?

போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? அலமாரியிலிருந்து ஏழாவது கட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த கட்டுகளைக் கையில் எடுத்தான், திரும்ப வைத்தான். போய், பார்த்து, சரியாக இருந்தால்? முதல் நாள், கடையைப் பூட்டிவிட்டு, ஒரு மீட்டர் துணியின் பின்னால் ஓடி வந்த பைத்தியக்காரன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஆளுக்கே தன் கண்ணில் நம்பிக்கை இல்லை என்பது தெரு முழுக்கப் போகும். தப்பாக இருந்தால்? துணியைத் திரும்ப வாங்க வேண்டும். போணித் துணியைத் திரும்ப வாங்குவது என்று ஒன்று உண்டா? பெரிய கடையில் ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. முதல் பில்லே திரும்பி வந்தது, குழந்தைக்குச் சட்டை அளவு சேரவில்லை. அண்ணாச்சி அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்தச் சட்டையைக் கடையில் வைக்காமல் கோயில் வாசலில் யாருக்கோ கொடுத்தனுப்பினார். அந்த வருஷம் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் ஓடியது. இருந்தாலும். பிலோமியிடம் போணி திரும்பிவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஆடியில் கடை திறக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்காக, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், ஆவணி பிறக்கிறவரை காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். போகாமல் இருந்தால்? ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்தச் சிவப்பு தெரியாது. அவளுக்கும் தெரியாமல் போகலாம். தெரிந்தாலும், பரவாயில்லை, புதுக்கடை என்று விட்டுவிடுவாள். திரும்பி வர மாட்டாள், அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று அவனுக்கு ஒருநாளும் தெரியாது. இதற்கு முன்னால் எத்தனை பேர் அப்படி வராமல் போயிருப்பார்கள் என்று முதல் முறையாக நினைத்தான். பெரிய கடையில் ஒருத்தி வராமல் போனால் இடம் தெரியாது, அடுத்தவள் நின்றிருப்பாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கல்லூரிப் பெண் ஒருத்தி, தோளில் பை.

"அண்ணா, கருப்பு லைனிங் இருக்கா? ஒரு மீட்டர்."

"இருக்கும்மா." கருப்பில் என்ன பார்க்க இருக்கிறது. கடைசித் தட்டில் கையை விட்டு எடுத்தான். மேஜையில் போட்டு அளவுகோலை வைத்தான். வைத்தவன் நின்றான். இது கருப்பா? கருப்புக்குப் பக்கத்தில் கருநீலம் இருந்தது, வெள்ளை விளக்கில் இரண்டும் அக்காள் தங்கை மாதிரி நிற்கும், ஆனால் அவன் அதில் தடுமாறியதே கிடையாது. குனிந்து பார்த்தான். கருப்புதான். நிமிர்ந்தான். அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி குனிந்தான், இப்போது நீலமாகத் தெரிந்தது. கட்டை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தான். கருப்பு. சந்தேகமில்லாத கருப்பு.

"என்னண்ணா, ஓட்டையா?"

"இல்லம்மா. கருப்புதான்."

"கருப்புதான் கேட்டேன்" என்றாள் அவள், சிரிக்காமல். கிழித்துக் கொடுத்தான். அவள் போன பிறகு அலமாரியைத் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்தான். நாலு நாளாக அடுக்கியது, ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு யாருக்கும் தெரியாமல் நகர்ந்து போகிற வரிசை, அது இப்போது உண்மையிலேயே நகர்ந்துகொண்டிருந்தது. அரக்கு அரக்காக நிற்கவில்லை. மாம்பழத்தைச் சந்தனத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. ஒரு கட்டிலிருந்து புறப்பட்ட சந்தேகம் வரிசையாக எல்லாத் தட்டிலும் ஏறியிருந்தது. இனி வருகிறவள் எந்தப் புடவையைப் பிரித்தாலும் கை இப்படியே நிற்கும். அந்தப் புடவையை வெயிலில் ஒரு தடவை பார்க்காமல் இந்தக் கடையில் இன்னொரு துணியைக் கிழிக்க முடியாது என்று தெரிந்தது. அந்த அம்மாளுக்காகப் போகவில்லை, நியாயத்துக்காகவும் போகவில்லை. தன் கண்ணை அவள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போலிருந்தது. ஐந்தாவது, ஆறாவது, எட்டாவது கட்டுகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து ஷட்டரைப் பிடித்தான். புது எண்ணெய் போட்ட ஷட்டர், சத்தமில்லாமல் வேகமாக இறங்கியது.

கோதண்டம் எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது. தொறந்த அன்னிக்கே பதினொன்றரைக்கு ஷட்டர எறக்குற?"

"நந்திகோயில் தெரு வரைக்கும் போய்ட்டு வந்துர்றேண்ணே. அந்த அம்மாவுக்குக் குடுத்த துணி சேராதோன்னு தோணுது."

"சேரலேன்னா?"

"மாத்திக் குடுக்கணும்."

கோதண்டம் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி அவனைப் பார்த்தார். "போணியவா? நானும் இந்தத் தெருவுல இருபது வருஷமா சீல் அடிக்கிறேன். எழுத்து தப்பா வந்த சீலையே போணின்னா திரும்பி வாங்க மாட்டேன், கூட ஒண்ணு சும்மா செஞ்சு குடுத்துருவேன். அந்த அம்மா கேட்டுச்சா?"

"கேக்கல."

"கேக்காதவங்க பின்னால கடையப் பூட்டிட்டு ஓடுறியே" என்றார். குரலில் கேலி இல்லை. அவன் பூட்டைக் குனிந்து போட்டான். சாவி திரும்ப மறுத்து, பிறகு திரும்பியது.

தெருவில் இறங்கியதும் வேகமாக நடந்தான். வழி முழுக்க நிறம். தண்ணீர் லாரியின் நீலம், பூக்காரியின் கூடையில் கனகாம்பரம், சைக்கிளில் போகிறவரின் சட்டை, பிளாஸ்டிக் குடங்கள். ஒவ்வொன்றுக்கும் மனம் தானாக ஒரு கட்டைத் தேடி எடுத்தது, எடுத்துவிட்டு இதுவா என்று கேட்டது. கண்ணைத் தரையில் வைத்து நடக்கப் பார்த்தான், தரையும் ஒரு நிறமாக இருந்தது. அவள் வீட்டுக்குப் போயிருந்தால்? வழியில் காய் வாங்க நின்று, நேரமாகி, நாளைக்குக் கொடுக்கலாம் என்று போயிருந்தால் தேவலை. இல்லை, அப்படியானால் எங்கே போய்த் தேடுவது? வெட்டியிருக்கட்டும். வெட்டியிருக்கக் கூடாது. ஒரு காலுக்கு இது, மறு காலுக்கு அது என்று நடையோடு சேர்ந்துகொண்டது. கக்கத்தில் கட்டுகள் நழுவின. தையல் மெஷின் சத்தம் கேட்ட இடத்தில் நின்று ஒரு கிழவரிடம் கேட்டான். இங்கே ஆண்களுக்கு மட்டும்தான் என்று அவர் எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

தெருவைப் பார்த்துத் திறந்த சின்ன அறை. அந்த அம்மாள் மெஷின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். தையற்பலகையில் அவன் கிழித்துக் கொடுத்த ஒரு மீட்டர் இரண்டாக மடித்து விரிந்திருக்க, மேலே சாக்குக்கட்டியால் கழுத்து வளைவு போட்டாகிவிட்டது. ஷாகிதா கையில் கத்தரிக்கோல். மூலையில் ஒரு வாளித் தண்ணீரில் லைனிங் துணி ஊறிக்கொண்டிருந்தது.

"அடடே, துணிக்கடைத் தம்பி" என்றாள் அந்த அம்மாள். "காசு கொறச்சுக் குடுத்துட்டேனா?"

"அதில்லம்மா. அத வெட்டிட்டீங்களா?"

"டீச்சர் பேச்ச நிறுத்துனாத்தான வெட்டுறதுக்கு" என்றாள் ஷாகிதா. "ஏண்ணே?"

"புடவையையும் துணியையும் கொஞ்சம் குடுங்க. வெளிய வெச்சுப் பாக்கணும்."

டீச்சர் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். மஞ்சள் பையிலிருந்து புடவையை எடுத்தாள். மூன்று பேரும் தெருவுக்கு வந்தார்கள். அவன் புடவையை இடது முன்கையில் போட்டு அதன்மேல் துணியை விரித்து, வெயிலுக்கு நீட்டினான். இரண்டு பெண்களும் குனிந்தார்கள்.

"நல்லாத்தான இருக்கு" என்றாள் ஷாகிதா.

"எனக்கும் வித்தியாசம் தெரியல தம்பி."

அவனுக்குத் தெரிந்தது. புடவை நீலத்துக்குப் போயிருந்தது, துணி சிவப்புக்குப் போயிருந்தது, நடுவில் ஒரு மயிரிழை போல எல்லை ஓடியது. அதைப் பார்த்ததும் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி நின்றது இறங்கியது. தப்பாகக் கொடுத்திருக்கிறான் என்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இப்போதே, அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்டு, சரிம்மா, சும்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம். பார்த்துவிட்டான். கண் திரும்பக் கிடைத்துவிட்டது. போணியும் போணியாகவே இருக்கும்.

"இல்லம்மா" என்றான். "இது சேராது."

"எங்க சேரல? காட்டுங்க பாப்போம்."

விரலை வைத்துக் காட்டினான். டீச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "நீங்கதான தம்பி வெளிய பாக்க வேணாம்னீங்க?"

"சொன்னேன். அது தப்பும்மா."

"ஏன் சொன்னீங்க?"

அவன் துணியை மடித்தான். சாக்குக்கட்டிக் கோடு உள்ளே போகும்படி, நாலாக. "போணி ஆகலம்மா. அதுக்கு முன்ன துணி படி தாண்டக் கூடாதுன்னு..."

ஷாகிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப இதுதான் உங்க போணியா?"

"ஆமாம்மா."

"அதப் போய்த் திருப்பி வாங்குறீங்களே" என்றாள், கண்டிக்கிற குரலில். பிறகு அவன் கக்கத்தைப் பார்த்து, "என்ன கொண்டாந்திருக்கீங்க, போடுங்க" என்றாள்.

மடித்த துணியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஐந்தாவது கட்டைப் பிரித்துப் புடவை மேல் போட்டான். போட்டதுமே எடுத்துவிட்டான். அது வேறு. ஆறாவதைப் போட்டான். சேருகிற மாதிரி இருந்தது. கையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான், எல்லை தெரியவில்லை. இன்னும் ஒரு தரம் என்று முன்கையை நீட்டியபோது வெளிச்சம் மங்கியது. நிமிர்ந்து பார்த்தான். ஆவணி மேகம், பெரிதாக, அவசரமில்லாமல் சூரியனுக்குக் குறுக்கே வந்திருந்தது.

"இது சரியாயிருக்குண்ணே, கரெக்ட்டா இருக்கு" என்று ஷாகிதா கத்தரிக்கோலை நீட்டினாள். "இங்கயே வெட்டிருங்க. எனக்கு நேரமாவுது."

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. "கொஞ்சம் இருங்கம்மா. வெயில் வரட்டும்."

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்தாள். புடவையின் தொங்கிய நுனி தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னாலிருந்து ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஷாகிதா கத்தரிக்கோல் இருந்த கையாலேயே தெருவின் மறு ஓரத்தைக் காட்டினாள்.

"சுத்திப் போங்கண்ணே."